பேனாவில் எழுதியது

குலுக்கலில் பேர் வந்த அன்றைக்கு
சிவதாபுரம் பஸ்ஸில் ஏறி இறங்கினவர்களிடமெல்லாம் சொன்னேன்,
ஃபீஸ் கிடையாதாம், எட்டாவது வரைக்கும்.
புத்தகத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஜூன் மாதம் கவுண்டரில் ஒரு தாள் நீட்டினார்கள்.
பதினான்கு புத்தகம், பதினோரு நோட்டு,
பள்ளிக்கூடத்தின் பேர் அச்சடித்த அட்டை,
அட்டையில் ஒட்ட லேபிள்,
லேபிளுக்கும் தனிக் காசு.
ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது.
வெளியே வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை.
வெளியே கிடைக்காது என்றுதான் சொன்னார்கள்.

கொலுசுக்கு மணி வைத்துப் பற்றவைத்தால்
ஜோடிக்கு ஒன்பது ரூபாய் எனக்கு.
வருகிற வழியில் வகுத்துப் பார்த்தேன்.
எழுநூற்று அறுபது ஜோடி.
எந்தெந்த ஊரிலோ
எழுநூற்று அறுபது பெண்கள் நடந்து போகிற சத்தம்
ஒரு மூன்றாம் வகுப்பு.

வீட்டுக்காரர் பட்டறையில் முன்பணம் கேட்டார்.
போன வருஷத்ததே இன்னும் கழிந்தபாடில்லை என்று
முதலாளி கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினாராம்.
மரியாதையாகத்தான் காட்டினார் என்று
இரண்டு தடவை சொன்னார் வீட்டுக்காரர்.

ஓரகத்தி தவமணி ஃபேர்லேண்ட்ஸில் பாத்திரம் தேய்க்கிறாள்.
அந்த வீட்டுப் பையன் இதே பள்ளிக்கூடம், இப்போது நாலாவது.
அந்தம்மா சும்மா கொடுக்கவில்லை,
பாதி விலையும் வாங்கவில்லை.
அரிசிச் சாக்கில் கட்டி ஆட்டோவில் வந்து இறங்கின
பதினான்கும்.
எல்லாவற்றிலும் ஆர். தன்விக், ஆர். தன்விக்.
மகள் லேபிளைத் தடவிப் பார்த்துவிட்டு
இவன் கையெழுத்து நல்லா இருக்கு என்றாள்.

மூன்றாம் நாள் நிற்க வைத்துவிட்டார்கள்.
போன வருஷம் பதினாலாம் பக்கத்தில் இருந்த யானை
இந்த வருஷம் பதினேழாம் பக்கத்துக்கு நடந்துவிட்டதாம்.
அதே யானை, அதே தும்பிக்கை,
புதுசுக்கு நாற்பது ரூபாய் அதிகம்.
ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக
எண்ணை அடித்து, பக்கத்தில் புது எண் எழுதினேன்.
பத்தாவது வரை படித்தது
அதற்குப் போதுமாக இருந்தது.

பயிற்சிப் புத்தகம்தான் பெரும்பாடு.
கோடிட்ட இடமெல்லாம் தன்விக் நிரப்பி வைத்திருந்தான்.
ரப்பர் போட்டுத் தேய்த்தேன்.
மழை எங்கிருந்து வருகிறது, அழித்தேன்.
பசு என்ன தரும், அழித்தேன்.
தப்பான விடைகளும் நிறைய இருந்தன.
அவற்றைத் தேய்க்கும்போது என்னவோ ஒரு சந்தோஷம்,
சொல்லக் கூடாது, இருந்தது.
தாள் கிழியாமல் தேய்ப்பதில்
எனக்குக் கை பழக்கம் உண்டு.

முப்பத்தோராம் பக்கம் மட்டும் பேனா.
நீல மை.
மகள் விரல் வைத்துப் படித்தாள்:
மை ஃபாதர் இஸ் எ...
மேனேஜர்.
பக்கத்தில் சிவப்பு டிக், அதன்மேல் ஒரு நட்சத்திரம்.

எச்சில் தொட்டுப் பார்த்தேன், பரவியது.
பிளேடால் சுரண்டலாமா என்று எழுந்தேன்.
விடும்மா, என்றாள்.
அப்பா வேலைக்கு இங்கிலீஷில் ஸ்பெல்லிங் தெரியாது எனக்கு.
இதுக்கு மிஸ் ஏற்கெனவே டிக் போட்டுட்டாங்க.

வீட்டுக்காரர் வரும்போது மணி பதினொன்று.
சட்டையில் ஆசிட் வாடை, கண்ணெல்லாம் சிவப்பு.
தரை முழுக்க ரப்பர் தூள்.
மேனேஜர் சார், காலைத் தூக்குங்க என்றாள் மகள்.
ஏன் என்று கேட்காமல் தூக்கிக்கொண்டார்.

பட்டறையில் கூட்டுகிற மண்ணைக்கூட
வெளியே கொட்ட விடமாட்டார்கள்.
சலித்து, உருக்கி, பொட்டு வெள்ளியையும் எடுத்துக்கொள்வார்கள்.
நான் கூட்டி அள்ளினதை
வாசல் வரை கொண்டுபோய்
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்,
பழக்கதோஷம்.