மிச்சம்

முப்பது வருடமாக உறைந்ததில்லை இந்த ஏரி.
போலந்தில் ஜனவரி. சுற்றிலும் வயல்கள் வெளுத்துக் கிடக்க
இது மட்டும் ஆவி பறத்தும்,
அடுப்பில் வைத்து மறந்த சட்டி.

மறந்தவர்கள் நாங்கள்தான்.
நூறு லாரி நிலக்கரி உள்ளே போனால்
முப்பத்திமூன்று மின்சாரமாகும்.
மிச்சத்தில் கொஞ்சம் புகைபோக்கிக்கு,
மற்றதெல்லாம் கண்டென்சர் வழியே தண்ணீருக்கு.
அன்னங்கள் தெற்கே பறப்பதை விட்டுவிட்டன.
"எங்கள் இத்தாலி" என்போம் நைட் ஷிஃப்டில்,
வெறுங்காலை நனைத்தபடி.

பிறகு டர்பைன் பிரிவுக்கு லூத்விகா வந்தாள்.
வெற்றிடத்துக்குள் எங்கே காற்று நுழைகிறதென்று தேட
அவள் கேட்டது ஒரு டப்பா சவர நுரை.
சிரித்தோம்.
பூசிய நுரையைக் குழாய் உறிஞ்சிய இடத்திலெல்லாம்
சாக்குக்கட்டியால் வட்டம் போட்டாள்.
நாற்பத்தொரு வட்டம்.
சிரிப்பு நின்றது.

அடைத்தோம். தேய்ந்த தகடுகளை மாற்றினோம்.
இரண்டு கோடை மண் தோண்டி
ஒன்பது கிலோமீட்டர் குழாய் பதித்தோம்.
ஏரிக்குப் போன சூடு
நகரத்தில் யாரோ ஈரக் காலுறை காயப்போடும்
ரேடியேட்டருக்குப் போனது.
நாளுக்குப் பன்னிரண்டு லாரி குறைந்தது.
கேக் வெட்டினோம். லூத்விகா வரவில்லை,
வால்வு ஒன்று சரியில்லையாம்.

பத்தொன்பதாம் தேதி இரவு
ஏரி மூடிக்கொண்டது.

காலையில் கேட்டருகே போகுமில்,
கையில் வாளி.
எங்கள் வெந்நீரை நம்பி மீன் வளர்த்தவன்.
ஆப்பிரிக்கக் கெளுத்திகள், மீசையில் பனி,
விறகுபோல் விறைத்து.
"மிச்சம் பிடிக்கிறோம் என்றீர்களே,
இதுதானா அந்த மிச்சம்?"

எங்களிடம் வரைபடம் இருந்தது,
சதவீதம் இருந்தது,
மேலே ஏறும் கோடு ஒன்றும் இருந்தது.
லூத்விகா எதையும் காட்டவில்லை.
வாளியை வாங்கிக்கொண்டு
எத்தனை என்று எண்ணினாள்.
பெயரெழுதி, தொகையெழுதி
அலுவலகத்துக்கு அனுப்பிய தாள்
இன்னும் திரும்பவில்லை.

மாலையில் பனிமேல் நடந்து பார்த்தேன்.
காலடியில் கண்ணாடி முனகியது.
வெளியேற்றுக் குழாயின் வாயருகே மட்டும்
ஒரு மேசை அகலத்துக்குக் கறுப்புத் தண்ணீர்.
அதில் நெருக்கியடித்து ஏழு அன்னங்கள்.

அந்த ஓட்டையை எந்த எஞ்சினும் மூடாது.
சிறிதாக்கலாம், அவ்வளவுதான்.
ஏழும் திரும்பிப் பார்த்தன,
நான்தான் இடத்தைக் குறைத்தவன் என்று
தெரிந்ததுபோல.