ஒற்றைக் கொம்பன்

பதினேழாவது எபிசோடில் நான் ஐந்து முறை சாகிறேன்.
மூன்று முறை பச்சை முகமூடியில்,
ஒரு முறை நீலத்தில்,
கடைசியில் ஆள் பற்றாமல்
பச்சையின் மேலேயே நீலம் அடித்து.

கோரேகாவ், ஸ்டுடியோ தளம்.
வெளியே ஜூலை மழை தகரத்தில் ஆணி அடிக்கிறது.
உள்ளே தெர்மாகோல் கிரகம்;
எங்கே சாய்ந்தாலும் முதுகில் நட்சத்திரம் ஒட்டிக்கொள்ளும்.
இசக்கி என்று எழுதிக் கொடுத்தேன்.
ஐசக் என்று கூப்பிடுகிறார்கள்.
முகமூடிக்குள் இரண்டு பேருக்கும் ஒரே வேர்வை.

கதை இவ்வளவுதான்:
ஏழாம் நிலவின் இளவரசியை நாங்கள் தூக்கி வந்துவிட்டோம்.
எதற்கு என்று எங்களுக்குச் சொல்லவில்லை.
கண்ணாடிக் கூண்டில், காந்த விலங்கில் நிற்கிறாள்.
காந்தமாவது ஒன்றாவது,
பைக் பூட்டுச் சங்கிலி, வெள்ளி பெயின்ட், குர்லா சரக்கு.
மீட்க நாயகன் விண்கலத்தில் வந்துகொண்டிருக்கிறான்.
நாயகனின் கார் அந்தேரி சப்வே தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறது.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் ரெண்டு இருமல் இருமிவிட்டுப் படுத்தது.
யூனிட் மொத்தமும் தட்டோடு வராந்தாவுக்குப் போனது.
பூட்டுச் சாவி பிபினின் பாக்கெட்டில்.
பிபின் மலாடில், பிளைவுட் வாங்க.

இருட்டில் மிச்சம் இரண்டு பேர்:
கடத்தப்பட்டவள்,
கடத்தியவன்.

"பாய்சாப்" என்றாள் பருல் மேடம்.
"யாரிடமும் சொல்லாதீங்க.
பாத்ரூம் போகணும். காலையிலிருந்து."
ஒரு சாம்ராஜ்யத்தின் ஒரே வாரிசு
கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

அறுபதடி ரோட்டு பீரோ பட்டறையில்
எட்டு வருஷம் இருந்தவன் நான்.
ஒரு கம்பி போதும்.
என் தலையிலேயே இரண்டு இருந்தன.
இடது கொம்பைப் பிடுங்கிப் பல்லால் வளைத்தேன்.
பூட்டில் காது வைக்க
முகமூடியைக் கழற்ற வேண்டியிருந்தது.
செல்போன் வெளிச்சத்தில் அவள் என்னைப் பார்த்தாள்.
"நேற்று செத்தது நீங்கதானே?"
"இன்று காலையிலும்" என்றேன்.
பூட்டு வாய் திறந்தது.
கிரீடத்தை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

பத்து நிமிஷம்.
அட்டைக் கிரீடம்தான்,
ஆனாலும் கீழே வைக்கக் கை வரவில்லை.

திரும்பி வந்தாள்.
தானாகவே கூண்டுக்குள் ஏறி
இரண்டு மணிக்கட்டையும் நீட்டினாள்.
"கொஞ்சம் லூசா."
லூசாகவே பூட்டினேன்.

கரண்ட் வந்தது. நாயகன் வந்தான்,
ஈரக் காலுறையோடு.
லேசரால் விலங்கை உடைத்தான்.
என்னை நெஞ்சில் சுட்டான்.
விழுந்தது சரியில்லை என்று
இன்னொரு முறை சுட்டான்.

வியாழன் ராத்திரி ஒளிபரப்பு.
தாராவியில் எங்கள் ஒற்றை அறை,
மாடி ஏணியின் படியெல்லாம் ஆட்கள்.
"இதுல நீ யாருப்பா?"
"சாகிறவன்."
"எல்லாரும்தானே சாகுறாங்க."

அப்போது, ஒரே ஒரு நொடி,
நாயகனின் தோளுக்குப் பின்னால் அவன் வந்து போனான்.
சின்னவள் எழுந்து போய்
கண்ணாடியில் விரலை வைத்தாள்.
அதற்குள் அங்கே சோப்பு விளம்பரம்.
"இவனுக்கு ஒரு கொம்பு இல்ல."

பேச்சித்தாய் என்னைப் பார்த்தாள்.
"ஆமா" என்றேன்,
"எங்கேயாவது விழுந்திருக்கும்."