அறை எண் ஆறு, ஐலண்ட் வியூ

உன் ஆதாரில் அரூர்,
என்னுடையதில் ராயக்கோட்டை.
மேனேஜர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்,
பிறகு என் கழுத்தைப் பார்த்தார்,
பிறகுதான் சாவி.
நாலு வருடத்துக் கல்யாணத்தை
ஒகேனக்கலில் நிரூபிக்க வேண்டியிருந்தது.

நாம் போக நினைத்த தீவு வேறு.
அது உன் போனில் இருந்தது:
தெருவுக்கொரு நிறம், படிக்கட்டெல்லாம் ஓவியம்,
மீன்கடை வாசலில் மரப்பறவை செதுக்கும் ஒருவர்.
டிக்கெட் விலையை
இருவரும் சத்தம் வராமல் படித்தோம்.
"பென்னாகரம் பஸ் ஏறினா
அங்கயும் தண்ணிக்கு நடுவுல மேடு இருக்கு"
என்றாய்.

லாட்ஜ் சுவர் முழுக்கக் கடல்.
தென்னை, கிளி, சாய்வு நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரி.
நீச்சலுடையில்தான் வரைந்தாராம்;
முதலாளியம்மா பார்த்துவிட்டுச்
சேலை கட்டச் சொன்னாராம்.
பச்சைக்கு அடியில் பழைய சிவப்பு
இன்னும் லேசாகக் கசிகிறது.
ஏணியில் நின்று அலைக்கு நுரை வைத்துக்கொண்டிருந்தார்
ஆர்ட் முனிரத்தினம், பாப்பாரப்பட்டி.
"கடல் பாத்திருக்கீங்களா?"
"மெரினா. ஒருக்கா. ராத்திரியில."
"அப்பக் கறுப்பாத்தான் இருந்திருக்கும்" என்று
தூரிகையைத் துடைத்துக்கொண்டார்.
நீயோ பெயிண்ட் ஷாப் ஆள்.
சுவரை முகர்ந்து பார்த்து
முதல் கோட் காயறதுக்குள்ள
ரெண்டாவது அடிச்சிட்டார் என்று
என் காதில் சொன்னாய்.

இரவு.
நமக்கு ஒரே கட்டில்தான்,
ஒரே நேரத்தில்தான் வாய்ப்பதில்லை.
உனக்குப் பகல் ஷிஃப்ட் என்றால் எனக்கு இரவு,
உனக்கு ஞாயிறு லீவு, எனக்குப் புதன்.
பஞ்சு மெத்தையில் நீ விட்டுப்போன பள்ளத்தில்
நான் படுப்பேன், நான் விட்டதில் நீ.
தலையணையில் தின்னர் வாசனை இருந்தால்
நீ தூங்கியிருக்கிறாய்.
அதனால்தான் அறை எண் ஆறில்
விளக்கை அணைத்ததும்
இருவரும் ஒன்றாகச் சுவரோரம் ஏறி
நெற்றி முட்டிக்கொண்டோம்.
"அது என் பக்கம்."
"இல்ல, என் பக்கம்."
சிரித்து ஓய்ந்த பிறகும்
யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.
ஓர் ஆள் அகலத்தில் இரண்டு பேர்.
மிச்சக் கட்டிலுக்கு
மின்விசிறி தனியாகச் சுற்றியது.

மறுநாள் மாதையன் அண்ணனின் பரிசல்
மூன்று சுற்றுச் சுற்றி
ஒரு மணல்திட்டில் எங்களைக் கொட்டியது.
"அரை மணி நேரம்" என்று பீடி பற்றவைத்தார்.
ஒரு நாணல் புதர்,
யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு,
இறக்கை காயப்போட்ட நீர்க்காகம்.
பேப்பர் தட்டில் அரஞ்சான் வறுவல்.
நீ குச்சியால் மணலில் தெரு போட்டாய்.
இது மஞ்சள் வீடு, இது ஊதா,
இது போன வருடம் நிறுத்திய ஸ்கூட்டரின் நீலம்,
மூலை வீடு நமக்கு.
நான் மீன்முள்ளை நட்டுக் கரண்ட் கம்பம் என்றேன்.
அக்கரை கர்நாடகம், இக்கரை தமிழ்நாடு,
நம் ஊருக்கு எந்த மாநிலமும் இல்லை
அரை மணி நேரத்துக்கு.

மூன்றாம் நாள் விடியலில் ஒலிபெருக்கி.
கபினியில் திறந்துவிட்டார்களாம்,
வினாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி,
பரிசலுக்குத் தடை, குளிக்கத் தடை.
ஆறு டீ நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.
மாதையன் அண்ணன் பரிசலைக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.
எங்கே என்று கேட்டதற்குக் கையை நீட்டினார்.
அந்த இடத்தில் மட்டும் தண்ணீர்
கொஞ்சம் மடங்கி ஓடியது.
"மூலை வீடு போச்சு" என்றாய்.
"வாடகை வீடுதானே" என்றேன்.
ஓசூர் வரை என் தோளில் தூங்கினாய்,
வாய் திறந்து.
நீ குறட்டை விடுவாய் என்பது
எனக்கு அன்றுதான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை,
இரவு வேலை முடிந்து கதவைத் திறந்தேன்.
டம்ளரில் பாதி டீ, நீ இல்லை.
செருப்பைக்கூடக் கழற்றாமல்
வழக்கம்போலச் சுவரோரம் சரிந்தேன்.
மெத்தை உப்பலாக இருந்தது,
தலையணையில் ஒரு மடிப்பில்லை.
கையை நீட்டித் தடவினேன்.
அந்தக் கோடியில்,
விழ நான்கு விரல்தான் பாக்கி இருக்கும் இடத்தில்,
புதிதாக ஒரு சின்னப் பள்ளம்.
தின்னர் வாசனை.