இடப்பக்கப் பின்கதவு

விற்றிருந்தால் நாற்பது இலட்சம் என்று
மைத்துனர் இன்னும் கணக்குச் சொல்கிறார்.
சொல்லட்டும்.
களுவாஞ்சிகுடி சிறுநீரக நோயாளர் சங்கத்துக்கு
மொன்டேரோவை எழுதிக் கொடுத்தாயிற்று.

முதல்நாள் நானும் சுதர்சினியும்
சீற்றுகளைக் கழற்றிக் கூட்டினோம்.
ஒரு சுண்டு பாசிக்குடா மணல்.
மகன் எங்களுக்குக் காட்டாத கணித வினாத்தாள்,
முப்பத்தொரு புள்ளி.
பெற்றோல் வரிசைக் காலத்து கியூஆர் அட்டை.
அதைக் கிழிக்கக் கை வரவில்லை.
கல்லாற்றில் இரண்டு இரவு
இந்தச் சீற்றில்தான் படுத்தோம்,
சண்டையும் பிடித்தோம்.

திறப்பு வாங்க வந்தவர் நிஸ்பர்.
பொனட்டைத் திறக்கவில்லை,
டயரை உதைத்துப் பார்க்கவில்லை.
பின்னால் ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்க
இடமிருக்கிறதா என்று சாண்போட்டு அளந்தார்.

அன்றிரவு நித்திரை இல்லை.
பிரிவு, பாசம் என்றெல்லாம் இல்லை.
கதவு.
இடப்பக்கப் பின்கதவு
உள்ளிருந்து திறக்காது.
நாலு வருடமாய்த் திருத்தவில்லை.
கொடுத்தேன் கொடுத்தேன் என்று
ஊரெல்லாம் சொன்ன வாய்
அதை மட்டும் விழுங்கிவிட்டது.

பிறகும் மூன்று கிழமை கழித்தே
கோல் எடுத்தேன்.
நிஸ்பர் சிரித்தார்.

“அண்டைக்கே தெரியும் சேர்.
கமலாம்பிகை அக்கா
வலப்பக்கத்தால முதல்ல இறங்குவா,
சுத்தி வந்து திறந்து விடுவா.
நாங்க அதைத் திருத்த நினைக்கல்ல.”

கொஞ்சம் பேசாமல் இருந்தார்.

“வியாழக்கிழமை அவ வரல்ல.
ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பாட்டினன்.
ஒருத்தரும் இறங்கல்ல.”