பக்கம் மாறுகிறவள்

ஆடி பிறந்து பதினோராம் நாள்.
கேத்தனூர்ப் பள்ளி மைதானத்தில்
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
முதல் பேஸ் சாக்குப்பையை
இரண்டு முறை இழுத்துக்கொண்டு போனது.
கல் வைத்தோம்.

நான் பீச்சாங்கைக்காரி.
பந்தியில் ரசம் ஊற்ற விடாத கை,
மொய்ப்பணம் நீட்டினால்
"அந்தக் கையிலயா?" என்று
பெரியப்பா திருப்பித் தந்த கை,
பிட்சர் மேட்டில் ஏறிய பிறகுதான் விலை போனது.
இதிலிருந்து புறப்படும் பந்து
எங்கிருந்து வருகிறதென்று
மாவட்டத்தில் பாதிப் பேருக்குப் பிடிபடாது.
எனக்கிருந்த சொத்து அவ்வளவுதான்.

கோகிலவாணிக்குப் பிடிபட்டது.
உடுமலை அணி. நான்காவதாக வருவாள்.
நான் வீசினால் வலப்பக்கம் நிற்பாள்.
என்னை உட்காரவைத்துச்
சோத்தாங்கைக்காரி ரேணுகாவை இறக்கினால்
மட்டையைத் தோளில் சாய்த்து
தட்டைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போவாள்,
பஸ்ஸில் சன்னலோரம் கிடைத்தவள் மாதிரி.
இரு காதும் மூடுகிற ஹெல்மெட்
அவர்களிடம் ஒன்றுதான் உண்டு,
இன்சுலேஷன் டேப் சுற்றியது.
அது அவளுக்கு.

கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தில் வேலை.
மணிக்கு ஆயிரம் குஞ்சுக்குத் தடுப்பூசி.
எந்தக் கையில் குத்துகிறாள் என்று
அங்கேயும் ஆள் விட்டு விசாரித்தேன்.
ஊசி எந்தப் பக்கம் கிடக்கிறதோ அந்தக் கையாம்.

விடிகாலை ஐந்து மணிக்கு
அமெரிக்க ஆட்டங்கள் என் போனில் ஓடும்.
இருபக்கமும் அடிக்கிறவர்களை மட்டும் பார்ப்பேன்.
பெரிய பெரிய ஆட்கள், கோடியில் சம்பளம்.
எண்களைப் பிரித்துப் போட்டால்
எவருக்கும் ஒரு பக்கம் லேசாக நொண்டுகிறது.
பிறவிக் கை ஒன்று, பழக்கிய கை ஒன்று;
பழக்கியது எப்போதாவது கண்ணயரும்.
இவளுக்கும் இருக்கும் அப்படி ஒன்று என்று
மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
இரண்டு வருஷமாகக் கோடு கிழித்தேன்.
வலம்: பத்தொன்பதுக்கு ஏழு.
இடம்: இருபத்திரண்டுக்கு எட்டு.
காற்று நாட்களைக் கழித்துப் பார்த்தும்
ஒன்றும் தேறவில்லை.

அன்றைக்கு ஏழாவது இன்னிங்ஸ்.
இரண்டு பேர் பேஸில், இரண்டு பேர் அவுட்,
இவளுக்கு இரண்டு ஸ்ட்ரைக்.
அடுத்த பந்து முழங்காலுக்குள் மடங்கும் என்பது
எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.
கையைத் தூக்கினாள்.
நடுவர் நிறுத்தினார்.
தட்டைச் சுற்றிப் போனாள்
இடப்பக்கம்.
எனக்கெதிராக!
பீச்சாங்கைக்கு முன்னால் பீச்சாங்கை.
போனில் நான் பார்த்த ஒருவரும் செய்யாத காரியம்.
ஐந்து எட்டு இருக்கும்.
அந்த ஐந்திலும் அவள்
இந்தப் பக்கத்தவளும் இல்லை, அந்தப் பக்கத்தவளும் இல்லை;
விளக்குமாற்றை இழுத்துக்கொண்டு போகிற யாரோ ஒருத்தி.
எனக்குக் காது சுட்டது.

இருந்ததிலேயே நல்ல வளைவை வீசினேன்.
வெளியே ஓடிய பந்தை எட்டிச் சந்தித்தாள்.
அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.
ஆனாலும் பார்த்தேன்.
காற்றாடிகளை நோக்கிப் போன பந்து
சோளக்காட்டு வேலிக்கு மேல் ஒரு கணம் நின்றது.
பிறகு கணவாய்க் காற்று
வாங்கிய கடனைத் தருவது போல, மனசில்லாமல்,
எங்கள் பூங்கொடி கையில் அதை வைத்தது.

ஜெயித்தோம்.
நோட்டில் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

பல்லடம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் கேட்டேன்:
"ஏஞ்சாமி அந்தப் பக்கம் போன?"
"கண்ணுக்குள்ள வெய்யல் ஏறுச்சுங்க்கா.
அங்க நின்னா முதுகுக்குப் போயிருது."
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதானுங்."
"உனக்குப் பொறந்த கை எது?"
பன்னைப் பிய்த்துக்கொண்டே யோசித்தாள்.
"அம்மாவுக்குத்தானுங்க்கா தெரியும். கேட்டதில்ல."

டீக்காசை நீட்டினாள்.
"சோத்தாங்கையில குடு கண்ணு" என்றார் கடைக்காரர்.
மாற்றிக் கொடுத்தாள், பேச்சை நிறுத்தாமல்.

மீதிச் சில்லறைக்கு நான் கை நீட்டினேன்.
என் கைதான்.
அவர் காத்திருந்தார்.
நானும் காத்திருந்தேன்.
உடுமலை பஸ் இரண்டாம் முறை ஹாரன் அடித்தது.