பன்னிரண்டாம் வரி

முதலில் டிக். கொஞ்சம் இடைவெளி. டிக்.
சாமி விளக்கைச் சுற்றும் வண்டு என்று
திரைச்சீலையை உதறிப் பார்த்தேன்.
வண்டு கணினிக்குள் இருந்தது.

ஜெலுத்தோங், பதினோராம் மாடி.
ஏழு கடைகளின் கணக்கு என் ஒரே மேசையில்:
இரண்டு மளிகை, ஒரு தையல், ஒரு பூக்கடை, ஒரு டயர் கடை,
அப்புறம் எனக்கு ஒழுங்காகக் காசு தராத இரண்டு.

கொம்தார் பக்கத்துக் கடையில் பூன் லெங்
டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டான், வைத்தியன் போல.
"பேக்கப் அடா?"
"தாக் அடா" என்றேன்.
இல்லை என்பதை எந்த மொழியில் சொன்னாலும்
கூலி ஒன்றுதான்: நானூற்று எண்பது வெள்ளி.
முக்கால்வாசி திரும்பி வந்தது.
மிச்சத்தை ரசீதுக் கட்டுகளிலிருந்து
மூன்று வாரம் மறுபடி தட்டினேன்.

பிறகுதான் மென்பொருள் தேடினேன்.
முதலாவது மேகத்தில் வைக்கிறேன் என்றது.
வைத்தது. நான் இங்கே தவறி அழித்ததை
அங்கேயும் பணிவாக அழித்தது.
ஆமாம்சாமி. அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.
இரண்டாவது இலவசம், கறுப்புத் திரை,
ஒரு புள்ளி பிசகினால் வாயே திறக்காது.
மூன்றாவது வருஷத்துக்கு நூற்றுத் தொண்ணூறு கேட்டது,
முந்தாநாளைக் கேட்டால் முந்தாநாளைத் தந்தது.
பூக்கடைக்காரி பழைய பாக்கியைத் தந்த அன்று
அதை வாங்கினேன்.

மென்பொருளைவிடப் பழக்கம் விலை அதிகம்.
இரவு பத்தரைக்குச் செருக வேண்டும், முடிந்ததும் பிடுங்க வேண்டும்.
செருகியே கிடந்தால்
ஒரே இடி இரண்டையும் வாங்கிக்கொண்டு போகும்.
மறந்து தூங்கி, மழைச் சத்தத்தில் எழுந்து
இருட்டில் தடவிப் பிடுங்கிய இரவுகள் உண்டு.
இன்னொரு டிஸ்க் கடலுக்கு அந்தப் பக்கம்,
பட்டர்வொர்த்தில், தங்கை கோகிலவாணியின் பீரோவில்,
அவள் கட்டாத பட்டுச் சேலைக்கு அடியில்.
கடவுச்சொல் அவளுக்குத் தெரியாது.
தெரிந்த தையல்கடை ரெஜினாமேரிக்கோ
அது எதைத் திறக்கும் என்று தெரியாது.
அவர்கள் இருவரும் தேடிச் சந்தித்தால்
நான் இல்லை என்று அர்த்தம்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மீட்டுப் பார்ப்பேன்.
திறந்து பார்க்காத பிரதி, மூடியே வைத்த மோர்க்குழம்பு;
உள்ளே என்ன ஆனதென்று மூக்குக்குத்தான் தெரியும்.
கண்ணை மூடி ஒரு தேதியைத் தொட்டேன்.
மார்ச் பதினேழு வந்தது.
மைதீன் பிச்சை மளிகை, கடன் பட்டியல்,
பன்னிரண்டாம் வரி:
நல்லகருப்பன், ஜாகா, 412 வெள்ளி 60 காசு.

நல்லகருப்பன் ஏப்ரலில் செத்துப்போனார்,
இரவுக் காவலில், நாற்காலியில், மடியில் டார்ச் எரிந்தபடி.
மறுநாள் மைதீன் பிச்சை அண்ணன் கூப்பிட்டார்.
"அந்த வரியை எடுத்துரும்மா.
அவரு மக வந்து கேட்டா, ஒண்ணும் பாக்கியில்லேன்னு சொல்லணும்.
சொல்றது பொய்யா இருக்கக் கூடாது பாரு."
எடுத்தேன்.
பதின்மூன்றாம் வரி ஒரு படி மேலே ஏறிக்கொண்டது.

இப்போது திரையில் அவர் மறுபடி கடன்காரர்.
அரிசி பத்துக் கிலோ. கருவாடு. டார்ச்சுக்கு பேட்டரி.
கீழே மென்பொருள் கேட்கிறது:
பழைய பிரதிகளை எவ்வளவு காலம் வைத்திருக்க?
வாங்கிய நாளின் பயத்தில் 'எப்போதும்' என்று அழுத்தியிருக்கிறேன்.

ஒரு ஜாகாவின் கருவாட்டுக்கு
எப்போதும் என்பது ரொம்பப் பெரிய சொல்.
ஒரு வரியை மட்டும் உருவ முடியுமா என்று தேடினேன்.
முடியாது, அதற்குத்தானே காசு கொடுத்தாய் என்றது
உதவிப் பக்கம், மரியாதையான வார்த்தைகளில்.
வரி இலாகாவுக்கு ஏழு வருஷம் போதும்.
ஏழு என்று மாற்றினேன்.

அதுவரைக்கும் அந்தக் கடன் இருக்கும்,
கேட்க ஆளில்லாமல், கட்ட ஆளில்லாமல்,
பட்டுச் சேலைக்கு அடியில்.
பிறகு ஓர் இரவு பத்தரைக்கு
நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போய்விடும்.

கோப்பை மூடினேன். சேமிக்கவா என்றது. வேண்டாம்.
நாளை ஃபெர்ரி. டிஸ்க்கைத் துண்டில் சுற்றிச்
சோற்று டப்பாவில் வைத்தாயிற்று.
கோகிலவாணி நண்டு வாங்கியிருக்கிறாளாம்.
கொடிமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது.
டப்பாவைத் திறந்து
இன்னொரு தரம் பார்த்துக்கொண்டேன்.