மொற

காட்பாடியில் இறங்கி
ஷேர் ஆட்டோவில் பாலாற்று மணலைத் தாண்டி வருகிறவர்கள்
முதலில் என்னிடம்தான் பேர் சொல்ல வேண்டும்.
ஆறாம் நம்பர் கவுன்ட்டர்.
கண்ணாடியில் ஓட்டையைத் தாழ்வாகப் போட்டுவிட்டார்கள்,
எல்லோரும் குனிந்துதான் சொல்வார்கள்,
பாவசங்கீர்த்தனம் மாதிரி.

பத்தொன்பது வருஷம்.
மண்டல், சௌத்ரி, லால்ரெம்புயா, ஷேக்.
ஒவ்வொரு எழுத்தாய்க் கேட்டுக் கேட்டுத் தட்டுவேன்.
என் பேரைச் சரியாய்ச் சொன்ன ஆள்
வேலூரில் இதுவரை இல்லை.
பேட்ஜில் பிளாவியா மொரைரா.
ரேஷன் அட்டையில் மொரேரா. ஆதாரில் மொறைரா.
சிலிண்டர் போடும் பையனுக்கு முராரி மேடம்.
செக்யூரிட்டி தேசம்மா சுருக்கியே விட்டாள்:
"மொற வந்துட்டாங்க, வழி விடுங்க."

வைகாசி மதியம், டோக்கன் இருநூற்றுப் பதினாலு.
சிட்டகாங். கால் வீக்கம். கக்கத்தில் எக்ஸ்ரே உறை.
பேர்?
ஹ்யூபர்ட் மொரைரா.
மறுபடி கேட்டேன், காதில் விழாமல் அல்ல.
அவர் என் பேட்ஜைப் பார்த்தார்.
கம்ப்யூட்டரும் பார்த்துவிட்டது:
இதே பெயர் ஏற்கெனவே உள்ளது.
ஒரே குடும்பமா? ஆம். இல்லை.

இல்லை, அமுக்கினேன்.
அன்று முழுக்க அந்த விரல் மட்டும் என்னமோ செய்தது.

ராத்திரி சத்துவாச்சாரியில் கரன்ட் போனது.
போனில் மிச்சமிருந்த பதினொரு சதவீதத்தில் தேடினேன்.
மொரைரா என்றால் முசுக்கொட்டை மரம் நிற்கிற இடமாம்.
போர்த்துக்கல்லுக்குத் தலைமாட்டில் கலிசியா என்று
ஓயாமல் நனையும் ஒரு சீமை,
அங்கே இந்தப் பேரில் சின்னச் சின்ன ஊர்கள்.
நமக்கு அத்தியூர், புங்கனூர், விளாப்பாக்கம் மாதிரி.
மரம் ஊராகி, ஊர் ஆளாகி,
ஆள் கப்பல் ஏறியிருக்கிறான்.
ரொம்பப் பேர் பிரேசிலில் இறங்கிவிட்டார்கள்.
மிச்சம் சில்லறை.
கோவாவில் கொஞ்சம், ஆப்பிரிக்கக் கரையில் கொஞ்சம்,
ஒன்று உருண்டு உருண்டு
ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸ் வரைக்கும்.

வாணியம்பாடிப் பக்கம் முசுக்கொட்டை பார்த்திருக்கிறேன்.
பட்டுப்பூச்சிக்காக இடுப்பளவில் வெட்டி வெட்டி விடுவார்கள்.
ஒரு நாளும் மரமாக விட்டதில்லை.

அப்பா கூட்ஸ் கார்டு.
அவருக்கு முந்தியவர்கள் தூத்துக்குடியில் சங்கு குளித்தவர்கள்.
ஏதோ ஒரு காலையில் கரை முழுக்கத் தண்ணீர் தெளித்தபோது
ஞானத்தகப்பனாய் நிற்கச் சொன்ன சிப்பாய்
கையில் உபரியாய் இருந்த ஒன்றே ஒன்றைக் கொடுத்திருப்பான்:
கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு சத்தம்.
ஊகம்தான். ஏட்டைக் கறையான் தின்றுவிட்டது.
சிட்டகாங் கரையில் இன்னொரு சிப்பாய் நின்றிருக்கலாம்.
இல்லை, அதே ஆள்தானோ,
அடுத்த கப்பலுக்கு நேரமாச்சென்று.

மறு வாரம் ஹ்யூபர்ட் குனிந்தார்.
ஆபரேஷனுக்கு உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டுமாம்.
தம்பிக்கு விசா வரவில்லை.
காந்தி ரோட்டில் வங்காளப் பலகை மாட்டிய லாட்ஜ்காரன்
அதெல்லாம் முடியாது என்றுவிட்டான்.
அரைகுறை இந்தியில், ஓட்டையைப் பார்த்தே சொன்னார்:
"இந்த ஊரில் எனக்குத் தெரிந்த பேர் ஒன்றுதான்."
அது அவருடைய பேர்.

ஊழியர்கள் கூடாதென்று சுவரில் ஒட்டியிருக்கிறது.
ஒட்டியவளே நான்தான்.
என் செல் நம்பரை அடித்தேன்.
அடுத்த கட்டம், உறவுமுறை.
காலியாய் விட்டால் திரை நகராது.
தந்தை, கணவர், மகன், சகோதரர்,
கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது,
மைத்துனர், பாதுகாவலர், வீட்டு உரிமையாளர்கூட.
முசுக்கொட்டை இல்லை.

தேசம்மா கண்ணாடியைத் தட்டினாள்.
"மொற, கியூ வாசலத் தாண்டிப் போச்சு."

கடைசி வரியில் இருந்தது: மற்றவை.
அமுக்கினேன். பேசாமல் வாங்கிக்கொண்டது.

டோக்கன் நாற்பத்தொன்று.
பேர்?